எல்லைப்புறப் பிரதேசங்களும் பரஸ்பரக் கல்வி விஜயங்களும்

ஐரோப்பாக் கண்டத்தில் பிரான்ஸ் தேசத்துக்கும் ஸ்பெயின் தேசத்துக்கும் இடையே பிரனீஸ் என்னும் மலைத்தொடர் ஒரு மதிலைப்போல நிற்கின்றது. அம்மலைகளின் நடுவே, கடல் மட்டத்துக்குச் சுமார் 1,200 மீட்டர் உயரத்தில், செர்தான்யா என்னும் விசாலமான பள்ளத்தாக்கு ஒன்று உண்டு. 1659ஆம் வருஷத்தில் இரு தேசத்து மன்னர்களும் செய்துகொண்ட உடன்படிக்கையினால் இப்பள்ளத்தாக்கு இரண்டாகப் பிளவுபட்டது. மற்ற இடங்களில் பெரும்பாலும் மலைமுகடுகளின்மேல் செல்லும் எல்லைக்கோடு இவ்விடத்தில் மட்டும் வயல்களையும் மேய்ச்சல் நிலங்களையும் ஊடறுத்துச் செல்லுகின்றது. மறு வருஷம் செய்த பங்கீட்டில் 33 கிராமங்கள் பிரான்ஸைச் சேர்ந்தன. அவற்றின் நடுவே இருந்த லீவியா என்னும் ஊர், தான் கிராமமன்று, பட்டணமென்ற பதவியுடையது என்று காட்டியமையால் ஸ்பெயினுடனேயே நின்றுவிட்டது. இன்றும் அது நாற்புறமும் பிரெஞ்சு நிலத்தால் சூழப்பட்டு ஒரு தீவைப்போல இருக்கின்றது. தஸ்தாவேஜில் எழுதப்படும் ஒரு சொல், எழுதினவர்கள் மாண்டு மூன்று நூற்றாண்டுகள் கழிந்த பின்னரும் ஜனங்களைக் கட்டுப்படுத்தும் என்பதற்கு இதைக் காட்டிலும் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் உள்ள குடும்பங்கள் கொள்வினை கொடுப்பினை உடையன. காத்தலான் மொழி இரு பக்கத்துக்கும் பழைய மொழி. ஆயினும் நோய் வந்தபோது எல்லை தன் முகத்தைக் காட்டிற்று. பிரெஞ்சுப் பகுதியிலுள்ள கர்ப்பிணி ஒருத்திக்கு வேதனை கண்டால், சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலுள்ள பெர்ப்பினியான் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கே அவளைக் கொண்டு போகவேண்டும். வழி மலைவழி, மாரிக்காலத்தில் கணவாய்களில் பனி மூடிவிடும். ஆனால் ஸ்பெயின் பக்கத்தில், எல்லையிலிருந்து கூப்பிடு தூரத்தில், புச்செர்தா என்னும் ஊர் இருக்கின்றது. அங்கே ஒரு சிறு ஆஸ்பத்திரியும் இருந்தது. அது பழையது, போதிய வசதியற்றது. நல்ல ஆஸ்பத்திரி ஒன்றைத் தனியே தாங்குவதற்கு எந்தப் பக்கத்திலும் போதிய ஜனத்தொகை இல்லை. இரு பக்கமும் கூட்டினால் நிரந்தரமாய் வசிப்பவர்கள் ஏறக்குறைய 30,000 பேர். பனிச்சறுக்கு விளையாட்டுக்காக வருவோர் கூடும் காலங்களில் அத்தொகை பன்மடங்காகும். இரண்டு பாதிகளையும் சேர்த்தால்தான் ஒரு முழு ஆஸ்பத்திரி, சேர்க்காவிடில் ஒன்றுமில்லை.

இவ்வெண்ணம் 2003ஆம் வருஷத்தையொட்டி ஆராய்ச்சிக்கு வந்தது. 2010இல் இரு தேசத்து அதிகாரிகளும் சேர்ந்து, ஐரோப்பிய யூனியனின் சட்டப்படி ஒரு கூட்டு ஸ்தாபனத்தை ஏற்படுத்தினர். 2014ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் 64 படுக்கைகளுடன் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. கட்டடத்துக்கும் சாதனங்களுக்கும் ஆன செலவு சுமார் 3 கோடியே 10 லட்சம் யூரோ. அதில் நூற்றுக்கு 60 பங்கு ஐரோப்பிய யூனியனின் பிரதேச அபிவிருத்தி நிதியிலிருந்து கிடைத்தது. எஞ்சிய செலவில் காத்தலோனியா நூற்றுக்கு 60 பங்கும் பிரான்ஸ் 40 பங்கும் ஏற்பதென்று திட்டம் செய்துகொண்டனர்.

இம்மட்டும் எந்த அச்சிட்ட அறிக்கையிலும் காணலாம். கற்கவேண்டிய பாடம் இதன் பிறகே தொடங்குகின்றது.

ஆஸ்பத்திரி நிற்பது ஸ்பெயின் மண். ஆகையால் அங்கே பிரெஞ்சுப் பெற்றோருக்குப் பிறக்கும் குழந்தை, வீட்டுக்குச் சில மைல் தூரத்தில் பிறந்தபோதிலும், சட்டத்தின் கண்ணுக்கு அந்நிய தேசத்தில் பிறந்த குழந்தையாகும். பிறப்பை ஸ்பெயின் அதிகாரியிடம் பதிவு செய்து, பின்னர் பிரெஞ்சு ஸ்தானீகர் காரியாலயத்தின் மூலம் பிரெஞ்சுப் பதிவேட்டிலும் ஏற்றவேண்டும். பிறப்பைப் போலவே இறப்பும். பிரெஞ்சுக் கிழவர் ஒருவர் அவ்வாஸ்பத்திரியில் காலஞ்சென்றால், அவருடைய பிரேதத்தை அடுத்த ஊருக்குக் கொண்டுபோவது, தூரதேசம் ஒன்றிலிருந்து பிரேதம் வரவழைப்பதற்குச் சமானமாயிற்று. அனுமதிச் சீட்டுகள், விசேஷப் பெட்டி, அவற்றிற்கான செலவு எல்லாம் துக்கத்திலிருந்த குடும்பத்தின் தலையில் விழுந்தன. தரைவழியாய்ப் பிரேதங்களைக் கொண்டு செல்வதற்கென்றே இரு அரசாங்கங்களும் 2017இல் தனி உடன்படிக்கை ஒன்று செய்யவேண்டியிருந்தது. ஆஸ்பத்திரித் திட்டம் வகுத்த அறிஞர்கள் பிரசவ அறையைப் பற்றியும் சத்திர சிகிச்சை அறையைப் பற்றியும் நன்றாய்ச் சிந்தித்திருந்தனர். சவக்கிடங்கின் வாசலில் எழும் கேள்வியை அவர்கள் அத்துணை ஆழமாய்ச் சிந்தித்ததாகத் தோன்றவில்லை. அதற்காக அவர்களைக் குறைகூறுவது நியாயமன்று. முதலில் செல்பவனுக்கு வழிகாட்டி இல்லை.

வைத்தியர்கள் விஷயமும் அவ்வாறே. பிரான்ஸில் பட்டம் பெற்ற டாக்டர் ஸ்பெயின் மண்ணில் தொழில் செய்ய வேண்டுமாயின் அந்நாட்டு வைத்தியர் சங்கத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். சம்பள விகிதம், வேலை நேரம், தாதிகளின் கடமைகள் ஆகியவை இரு நாடுகளிலும் வேறு வேறு. காத்தலோனியாவில் சிகிச்சை பெரும்பாலும் வரிப்பணத்தால் நடைபெறுகின்றது. பிரான்ஸிலோ இன்ஷூரன்ஸ் நிதியின் மூலம் நடைபெறுகின்றது. ஆதலால் ஒரே வார்டில் அடுத்தடுத்துப் படுத்திருக்கும் இரண்டு நோயாளிகளின் கணக்கை இரண்டு விதமாய் எழுத வேண்டும். நோயின் சரித்திரத்தை எந்த மொழியில் எழுதுவது என்பதும் சாமான்யமான கேள்வியன்று. காத்தலான், ஸ்பானிஷ், பிரெஞ்சு ஆகிய மூன்று மொழிகளும் அங்கே வழங்குகின்றன.

இப்பொழுது வேறொரு எல்லையில், வேறு இரண்டு ஊர்களுக்கு இதே போன்ற ஆசை எழுந்ததென்று வைத்துக்கொள்வோர், எங்கே போய் விவரம் அறிவர்? உடன்படிக்கையின் நகலை வருவித்துப் படிக்கலாம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது இவ்விடத்தில் முற்றிலும் பொருந்தும். உடன்படிக்கையின் நகலில் முடிவு மட்டுமே இருக்கும். அம்முடிவுக்கு வருமுன் எத்தனை யோசனைகள் கைவிடப்பட்டன, எந்த இலாகா எதற்காகத் தடை சொல்லிற்று, எந்த அதிகாரியின் ஒத்தாசையால் முடிச்சு அவிழ்ந்தது என்பவை இரா. அவற்றை அறிந்தவர்கள் அங்கே வேலை செய்யும் குமாஸ்தாவும், ஆம்புலன்ஸ் சாரதியும், தலைமைத் தாதியும், பதிவு அதிகாரியுமே. ஆதலின் அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போய், அதே தொழில் செய்பவர்கள் அவர்களுடன் உட்கார்ந்து பேசுவதே உத்தமமான வழி. பரஸ்பரக் கல்வி விஜயம் என்பதன் பொருள் இவ்வளவே. இதில் ஆசிரியருமில்லை, மாணாக்கருமில்லை. மேலதிகாரி தணிக்கைக்கு வருவதைப் போன்றதுமன்று. ஒரே பாரத்தைச் சுமப்பவர்கள் சுமைதாங்கியின் அருகே நின்று பேசிக்கொள்வதைப் போன்றது.

இம்முறை ஐரோப்பாவில் வேரூன்றிய வரலாறு கவனிக்கத் தக்கது. ஜெர்மனிக்கும் ஹாலந்துக்கும் இடையிலுள்ள எல்லையில், குரோனாவ், என்ஸ்கெடே என்னும் ஊர்களைச் சுற்றியுள்ள பிரதேசத்தில், 1958ஆம் வருஷத்தில் யூரேஜியோ என்ற கூட்டு முயற்சி ஏற்பட்டது. யுத்தம் முடிந்து 13 வருஷங்களே ஆகியிருந்தன. ஹாலந்துக்காரர் பலருக்கு ஜெர்மன் மொழியைக் காதால் கேட்பதே கசப்பாயிருந்த காலம் அது. இரு பக்கத்திலும் நெசவாலைகள் நிறைந்திருந்தன. அந்தத் தொழில் க்ஷீணித்தபோது இரு பக்கத்துத் தொழிலாளர்களும் ஒரே விதமாய் வேலையிழந்தனர். தலைநகரங்கள் இரண்டும் தூரத்தில் இருந்தன. தலைநகரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு எல்லைப்புறம் தேசத்தின் ஓரம். அங்கே வசிப்பவர்களுக்கோ அது தங்கள் ஊரின் நடு. இந்தப் பார்வை வேற்றுமையே எல்லைப்புறத்தாரின் கஷ்டங்கள் பலவற்றிற்கும் மூலமாகும்.

அம்முயற்சியில் ஆல்பிரெட் மோசர் என்பவருடைய பங்கு விசேஷமானது. அவர் 1905இல் ஜெர்மனியிலுள்ள மூனிச் நகரத்தில் பிறந்தவர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933இல் ஹாலந்துக்கு ஓடிப்போய் அந்நாட்டவராகவே வாழ்ந்தவர். இரு பக்கத்து மனத்தையும் உள்ளிருந்து அறிந்தவர் அவர். யூரேஜியோவில் அவர் தலைமை வகித்த கமிட்டி, பாலங்களையும் சாலைகளையும் பற்றிப் பேசுவதோடு நில்லாமல், ஜனங்கள் ஒருவரையொருவர் சந்திப்பதற்கு முதலிடம் கொடுத்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள், விளையாட்டுச் சங்கத்தார் முதலியோர் எல்லை தாண்டிச் சென்று அங்குள்ள தங்களைப் போன்றவர்களைச் சந்தித்தனர். பெரிய ஒப்பந்தங்கள் இவ்வறிமுகங்களுக்குப் பின்னரே வந்தன. 1978இல் இரு பக்கத்து ஸ்தல ஸ்தாபனங்களின் பிரதிநிதிகளும் அடங்கிய ஒரு கவுன்ஸில் அமைந்தது. இரு தேசத்து முனிசிபாலிடிகள் சட்டபூர்வமாய்ச் சேர்ந்து ஒரு பொது ஸ்தாபனம் அமைக்க இடந்தரும் உடன்படிக்கை ஆன்ஹோல்ட் என்னும் ஊரில் 1991இல்தான் கையெழுத்தாயிற்று. சந்திப்பு முதலில், சட்டம் 33 வருஷங்களுக்குப் பின். இவ்வரிசையைத் தலைகீழாக்க முயன்ற இடங்களில் அழகிய பத்திரங்கள் கையெழுத்தாகி, பெட்டிகளில் கிடந்து பழுப்பேறுவதே பெரும்பாலும் கண்ட பலன்.

1971இல் ஐரோப்பிய எல்லைப் பிரதேசங்களின் சங்கம் ஸ்தாபிக்கப்பட்டது. ஓர் எல்லையில் கண்ட அநுபவத்தை மற்றோர் எல்லைக்குக் கொண்டு செல்வது அதன் முக்கிய வேலைகளுள் ஒன்று. 1990இல் ஐரோப்பியச் சமூகத்தார் எல்லைப் பிரதேசங்களுக்கென்று இன்டர்ரெக் என்னும் நிதித் திட்டத்தை ஆரம்பித்தபோது, பணம் எப்படிச் செலவிடுவது என்று அறியாத புதிய எல்லைப்புறங்கள் பல இருந்தன. அவற்றுக்குப் பழைய எல்லைப்புறத்தார் அநுபவம் சொல்லிக்கொடுப்பதற்கு, இச்சங்கத்தின் மூலமாகவே லேஸ் என்ற தனி ஏற்பாடு நடைபெற்றது.

அச்சமயம் கிழக்கே பெரிய மாறுதல்கள் நிகழ்ந்தன. 1989க்குப் பின் கம்யூனிஸ்டு ஆட்சிகள் வீழ்ந்து எல்லைகள் திறந்தன. ஜெர்மனி, போலந்து, அக்காலத்துச் செக்கோஸ்லோவாக்கியா ஆகிய மூன்று தேசங்களும் கூடும் இடத்தில், சிட்டாவ் நகரத்தைச் சுற்றியுள்ள பிரதேசம் கரும்புகையால் சூழப்பட்டிருந்தது. பழுப்பு நிலக்கரியை எரிக்கும் மின்சார நிலையங்களின் புகையால் மலைக்காடுகள் பட்டுப்போயின. புகைக்கு எல்லை தெரியாது. போலந்தில் எரித்தது ஜெர்மனியில் படிந்தது. செக் பக்கத்தில் எரித்தது போலந்தில் படிந்தது. 1991இல் அம்மூன்று பகுதியினரும் நைஸே யூரோரீஜியன் என்ற கூட்டு அமைப்பை ஏற்படுத்தினர். கிழக்கு எல்லைகளில் ஏற்பட்டவற்றுள் அதுவே முதலாவது. மேற்கே ஜெர்மானியரும் ஹாலந்துக்காரரும் செய்த வேலை அவர்களுக்கு முன்மாதிரியாக இருந்தது. ஆனால் முன்மாதிரியை அப்படியே பெயர்த்து நடவில்லை. குரோனாவில் இரண்டு மொழிகள், அவையும் நெருங்கிய உறவுடையவை; இங்கே மூன்று மொழிகள். குரோனாவில் வாழ்ந்தவர்கள் தலைமுறை தலைமுறையாய் அவ்விடத்தவர். இங்கேயோ 1945க்குப் பின் எல்லைகள் நகர்ந்தபடியால், பலர் வேறிடங்களிலிருந்து பெயர்க்கப்பட்டு வந்து குடியேறினவர்கள். அண்டை வீட்டானோடு பழைய நட்பைப் புதுப்பிப்பது வேறு; பழைய நட்பே இல்லாத இடத்தில் புதிதாய் ஆரம்பிப்பது வேறு. ஆகையால் மேற்கிலிருந்து அவர்கள் எடுத்துக்கொண்டது நிர்வாக அமைப்பின் உருவமே. நம்பிக்கையை அவர்களே உண்டாக்க வேண்டியிருந்தது.

இனி விஜயங்களை நடத்தும் முறையைப் பற்றிச் சற்று விரிவாய்க் கூறுவது அவசியம். ஏனெனில் கெட்டுப்போவதற்கு மிகவும் எளிதான ஏற்பாடு இது. மூன்று நாள் பிரயாணம், முதல் நாள் வரவேற்புப் பத்திரம், இரண்டாம் நாள் கட்டடங்களைச் சுற்றிப் பார்த்தல், மாலையில் விருந்து, மூன்றாம் நாள் புகைப்படம் என்று முடிந்துவிடும் விஜயங்கள் எத்தனையோ. விருந்தினர் திரும்பி வந்து, மிகவும் பிரயோஜனமாயிருந்தது என்று அறிக்கை எழுதுவர். பிரயோஜனம் யாதென்று கேட்டால் பதில் வராது.

முதலாவது கவனிக்க வேண்டியது, போகிறவர்கள் யார் என்பது. ஓர் எல்லையின் ஒரு பக்கத்தார் மட்டும் போய் வருவதில் பாதிப் பலன்கூட இல்லை. எல்லையின் இரு பக்கத்தாரும் ஒரே வண்டியில் சேர்ந்து போகவேண்டும். செர்தான்யாவைப் பார்க்கப் போவது ஆஸ்பத்திரியைப் பார்ப்பதற்கு மட்டுமன்று. தங்களுக்குள்ளே பேசிக்கொள்வதற்கு ஒரு பொது விஷயம் கிடைப்பதற்காகவும் போவதாகும். சொந்த ஊரில், ஒவ்வொருவரும் தத்தம் காரியாலயத்துப் பிரதிநிதியாய் உட்கார்ந்து, தத்தம் சர்க்காரின் கட்சியைப் பேசுவர். அந்நிய ஊரில், மூன்றாவது தேசத்தாரின் தகராறு ஒன்றைக் கேட்கும்போது, யாருக்கும் கட்சி கட்டவேண்டிய நிர்ப்பந்தம் இல்லை. பிறர் வழக்கில் நியாயம் எளிதில் புலப்படும். திரும்பும் வழியில், நம்மிடத்திலும் இதே சங்கதிதானே என்று ஒருவர் மெள்ளச் சொல்லுவார். அந்த வார்த்தைக்காகவே பிரயாணச் செலவு முழுவதையும் கொடுக்கலாம்.

இரண்டாவது, அந்தஸ்து. தலைவர்கள் மட்டும் போனால் கட்டடத்தைக் கண்டு வருவர். சிப்பந்திகள் மட்டும் போனால் நுட்பத்தை அறிந்து வருவர், ஆனால் அதை நிறைவேற்ற அதிகாரமில்லாமல் தவிப்பர். இரு வகையினரும் சேர்ந்த சிறு கூட்டமே தகுந்தது. பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேற்பட்டால் சம்பாஷணை பிரசங்கமாக மாறிவிடும். அங்கே போனபின் கூட்டம் தொழில்வாரியாய்ப் பிரிய வேண்டும். கணக்கர் கணக்கரிடத்திலும், தாதி தாதியிடத்திலும், தீயணைப்புப் படையார் தீயணைப்புப் படையாரிடத்திலும் செல்லவேண்டும். ஒரே தொழிலாளர் இருவர் சந்தித்தால், மொழி அரைகுறையாயிருந்தாலும், அரை மணி நேரத்தில் விஷயத்தின் உட்புறத்துக்கு வந்துவிடுவர்.

மொழிபெயர்ப்பாளர் விஷயத்தில் சிக்கனம் கூடாது. விருந்துக்குச் செலவிடுவதில் குறைத்து மொழிபெயர்ப்பாளருக்குக் கொடுப்பது நலம். அம்மொழிபெயர்ப்பாளரும் வெறும் மொழி வல்லவராயிருந்தால் போதாது. நிர்வாகச் சொற்களுக்கு அகராதியில் நேர் சொல் இருக்கும், பொருளோ வேறாயிருக்கும். ஒரு நாட்டில் மேயர் என்பவர் செலவு உத்தரவு போட வல்லவர். மற்றொரு நாட்டில் அதே பெயருடையவர் சபைக்குத் தலைமை வகிப்பதோடு சரி. இதை அறியாமல் இரு மேயர்கள் கைகுலுக்கிக் கொண்டால், ஒருவர் வாக்குக் கொடுத்துவிட்டதாகவும் மற்றவர் மரியாதை செய்ததாகவும் எண்ணிக்கொண்டு பிரிவர்.

மூன்றாவது, கேள்விகள். புறப்படுமுன்பே இரு பக்கத்தாரும் கூடி, தங்களுக்குள்ள தடை இன்னதென்று ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். ஒத்துழைப்பு போதாது என்று எழுதுவது கேள்வியாகாது. எங்கள் ஆம்புலன்ஸ் எல்லையில் நின்று நோயாளியை மற்றொரு வண்டிக்கு மாற்றவேண்டியிருக்கிறது, அதை எப்படித் தவிர்த்தீர்கள் என்பதே கேள்வி. இதை முன்கூட்டியே அனுப்பிவிட்டால், வரவேற்பவர்களும் தகுந்த மனிதரை வரவழைத்து வைத்திருப்பர். மேலும், வெற்றியைப் பற்றிக் கேட்பதைக் காட்டிலும் தோல்வியைப் பற்றிக் கேட்பதே லாபம். திறப்பு விழா ஏன் தாமதித்தது, மீண்டும் ஆரம்பிப்பதானால் எதை முதலில் செய்வீர்கள், எந்தப் பிணக்கு இன்னும் தீரவில்லை என்று கேட்க வேண்டும். இவற்றுக்கு உண்மையான விடை மேடையில் கிடையாது. காபி அருந்தும் இடத்திலும் நடைபாதையிலுமே கிடைக்கும். ஆகையால் நிகழ்ச்சி நிரலில் ஒன்றும் எழுதாத நேரம் சிறிது விட்டு வைப்பது புத்திசாலித்தனம்.

வரவேற்பவர்களுக்கு இதனால் என்ன அனுகூலம் என்று சிலர் கேட்பதுண்டு. தாங்கள் செய்வதை அந்நியருக்கு விளக்க முற்படும்போதுதான், ஏன் இப்படிச் செய்கிறோம் என்ற கேள்வி அவர்களுக்கே எழுகின்றது. பழக்கத்தினால் கண்ணில் படாமற்போன வீண் சிரமங்களை வந்தவர் சுட்டிக்காட்டுவர். அன்றியும், தூரத்திலிருந்து ஜனங்கள் வந்து பார்க்கிறார்கள் என்பதைச் சொந்தத் தலைநகரத்து மந்திரிகள் கேள்வியுற்றால், அடுத்த வருஷத்து வரவுசெலவுத் திட்டத்தில் அவ்வூருக்குச் சற்றுத் தாராளம் பிறக்கும். இது சொல்லத் தகாத காரணமன்று. உண்மையான காரணங்களுள் ஒன்றே.

செலவு விஷயத்தில் ஐரோப்பிய யூனியனின் நிர்வாக சபையார் 2015இல் ஓர் ஏற்பாடு செய்தனர். பிரதேச நிதிகளை நிர்வகிக்கும் அதிகாரிகள், வேறொரு நாட்டில் அதே வேலை செய்பவர்களின் உதவியை வேண்டி மனுச் செய்யலாம். நிபுணரை வரவழைத்தல், நேரில் போய்ப் பார்த்தல், கூடிப் பேசும் வகுப்பு நடத்தல் என்ற மூன்று வகைகளில் உதவி கிடைக்கும். மனுவைச் சுருக்கமாகவும் சிப்பந்திகளே எழுதக்கூடியதாகவும் வைத்ததே அத்திட்டத்தின் சிறப்பு. ஐம்பது பக்க விண்ணப்பம் கேட்டிருந்தால், விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர்களே பிரயாணம் செய்துகொண்டிருப்பர்.

எதிலிருந்து ஆரம்பிப்பது என்பதற்கு வடக்கே ஓர் உதாரணம் இருக்கின்றது. சுவீடனுக்கும் பின்லாந்துக்கும் எல்லையாகிய தோர்னே ஆற்றின் முகத்தில் தோர்னியோ, ஹபரண்டா என்னும் இரு சிறு நகரங்கள் ஒட்டி நிற்கின்றன. 1809இல் சுவீடன் பின்லாந்தை ரஷ்யாவுக்கு இழந்தபோது எல்லை அங்கே விழுந்தது. ஒரு நகரத்தில் மணி பன்னிரண்டானால் மற்றதில் பதினொன்று. ஒன்றில் யூரோ, மற்றதில் குரோனர். இவ்வளவு வேற்றுமையுள்ள நகரங்கள் கூட்டு வாழ்வை எதில் ஆரம்பித்தன? 1960களில், ஒரு நகரத்து நீச்சல் குளத்தை மற்ற நகரத்தாரும் உபயோகிப்பது என்ற அற்ப விஷயத்தில் ஆரம்பித்தன. அடுத்தது சாக்கடை நீர். இரு நகரங்களின் கழிவு நீரையும் ஒரே நிலையத்தில் சுத்தி செய்வதென்று 1970களின் தொடக்கத்தில் ஏற்பாடாயிற்று. இரண்டு நிலையங்கள் கட்டும் செலவு ஒன்றாகக் குறைந்ததை வரி செலுத்துவோர் எல்லாரும் கணக்கில் கண்டனர். 1987இல்தான் பொதுவான ஒத்துழைப்பு அமைப்பும், 1989இல் இரு பக்கத்துக் குழந்தைகளும் சேர்ந்து படிக்கும் மொழிப் பள்ளியும் வந்தன. நீச்சல் குளத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்கு வர இருபது வருஷங்களுக்கு மேல் ஆயிற்று. அந்நகரங்களுக்கு விஜயம் செய்வோர் பள்ளிக்கூடத்தையே பார்க்க விரும்புவர். சாக்கடை நிலையத்தைப் பார்க்க விரும்புவோர் குறைவு. அந்நிலையத்தின் கணக்குப் புத்தகத்திலேயே விஷயம் அதிகம்.

இந்தப் பழக்கங்களுக்கெல்லாம் 2020ஆம் வருஷத்தில் கடும் சோதனை வந்தது. கோவிட் கொள்ளை நோய் பரவியபோது அரசாங்கங்கள் ஒரே வாரத்தில் எல்லைகளை அடைத்தன. இத்தாலியின் கொரீசியா நகரமும் ஸ்லோவேனியாவின் நோவா கொரீத்சா நகரமும் பங்கிட்டுக்கொள்ளும் சதுக்கத்தின் குறுக்கே மார்ச்சு மாதத்தில் கம்பி வேலி எழுந்தது. 2007இல் இரு நாட்டு எல்லைச் சோதனை நீங்கியபின் ஜனங்கள் சாதாரணமாய் நடந்து திரிந்த இடம் அது. வேலி போடும் உத்தரவு தலைநகரங்களிலிருந்து வந்தது. எல்லை ஊராரைக் கேட்டு வரவில்லை. ஆனால் அதே மாதத்தில் ரைன் நதிக்கரையில் வேறொன்றும் நிகழ்ந்தது. பிரான்ஸின் அல்ஸாஸ் பிரதேசத்து ஆஸ்பத்திரிகளில் மூச்சுக் கருவிகள் போதாமல் நோயாளிகள் தத்தளித்தபோது, எதிர்க்கரையிலுள்ள ஜெர்மன் ஆஸ்பத்திரிகளும் சுவிட்ஸர்லாந்து ஆஸ்பத்திரிகளும் அவர்களில் பலரை ஏற்றுக்கொண்டன. அக்கரையும் இக்கரையும் பல்லாண்டுகளாய்க் கூடிப் பேசிப் பழகிய பிரதேசம் அது. எல்லை அடைபட்ட நாளில் யாருக்கு டெலிபோன் செய்வது என்று புதிதாய்த் தேட வேண்டிய நிலையில் அவர்கள் இல்லை.

நோவா கொரீத்சாவும் கொரீசியாவும் வேலி நீங்கியபின் பழைய வேலையைத் தொடர்ந்தன. 2025ஆம் வருஷத்துக்கு ஐரோப்பியக் கலாசாரத் தலைநகரம் என்ற பட்டத்தை இரு நகரங்களும் சேர்ந்தே வகித்தன.

விஜயம் முடிந்து திரும்பியபின் செய்யவேண்டியவை சொற்பமே; ஆனால் அவை செய்யப்படாமலே போவதுதான் வழக்கம். இரண்டு வாரத்துக்குள் இரு பக்கத்தாரும் மீண்டும் கூடவேண்டும். கண்டவற்றுள் தங்கள் ஊருக்குப் பொருந்தாதவை எவை என்பதை முதலில் நீக்கவேண்டும். செர்தான்யாவில் இரு பக்கத்துக்கும் பொதுவான தாய்மொழி உண்டு. தங்களிடத்தில் இல்லையாயின் அங்கு கண்ட தாதியர் ஏற்பாட்டை அப்படியே எடுக்கக்கூடாது. எஞ்சியவற்றுள் ஒன்றை மட்டும் தேர்ந்து, அதற்குப் பொறுப்பாளர் ஒருவரை ஒவ்வொரு பக்கத்திலும் குறிக்கவேண்டும். அறிக்கையை அச்சிடுவதற்கு முன், சந்தித்த அவ்வூர்க் குமாஸ்தாவுக்கு ஒரு கடிதம் எழுதி, எழுதியது சரியா என்று கேட்பது நன்று. அவர் திருத்தி அனுப்பும் ஒரு வரி அறிக்கை முழுவதையும் காப்பாற்றும். ஆறு மாதத்துக்குப் பின் அவரையே இங்கு அழைத்து, செய்த வேலையைக் காட்டவேண்டும்.

ஸ்தல ஸ்தாபனங்களால் தீர்க்கமுடியாமல் தலைநகரத்துச் சட்டத்திலேயே தடை இருக்குமாயின் அதற்கும் இப்பொழுது ஒரு வாயில் ஏற்பட்டிருக்கின்றது. 2018 முதல், எல்லைப்புறத்துச் சட்டத் தடைகளை ஒவ்வொன்றாய்ப் பரிசீலித்து யோசனை சொல்லும் வேலையை எல்லைப் பிரதேசங்களின் சங்கம் ஐரோப்பிய யூனியனின் பொருளுதவியோடு நடத்தி வந்திருக்கின்றது. 2025ஆம் வருஷம் மே மாதத்தில் ஐரோப்பிய யூனியன் ஒரு புதிய ஒழுங்குச் சட்டம் இயற்றிற்று. அதன்படி, எல்லைத் தடையைப் பற்றிய விண்ணப்பங்களைப் பெற்று ஆராய்ந்து பதிலளிப்பதற்கென்று அங்கத்தினர் நாடுகள் தனி இடங்களை ஏற்படுத்தலாம். ஏற்படுத்தியே தீரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. விண்ணப்பம் செய்பவர், தடை இன்னது, அதனால் விளையும் கஷ்டம் இன்னது என்பதைத் தெளிவாய்க் காட்டவேண்டும். விஜயத்துக்குப் புறப்படுமுன் எழுதிக்கொண்ட அந்த ஒரு வாக்கியமும், குமாஸ்தா திருத்தி அனுப்பிய கடிதமும் அவ்விண்ணப்பத்தோடு சேர்க்கத் தக்கவை.